வியாழன் சாய்ந்த பகல் காட்சி

அறிவியல் கூடத்தில் எல்லோரும் அவளை வானொலி என்றுதான் கூப்பிட்டார்கள். வானத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள் என்று அவளும் அதை ஏற்றுக்கொண்டிருந்தாள். வட்ட அரங்கில் சூரியக் குடும்பத்தை அறிமுகம் செய்யும் காட்சி அவளுடையது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் புதனில் ஆரம்பித்து நெப்டியூனில் முடிப்பாள் என்று அவள் கணவர் சொல்வார். ஒருமுறை அப்படி எழுப்பிப் பார்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அன்றைய பகல் காட்சிக்கு அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவர்களோடு ஒரு டீச்சர். மற்றவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். கூட்டத்தில் அவளுடைய நாத்தனாரும் இருந்தாள். அதை நினைத்துத்தான் வானொலி காலையிலிருந்தே மனப்பாடமான வரிகளையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் அவள் கணவரின் தங்கை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். போக்குவரத்து நெரிசலில் அசராதவள், குளியலறையில் சோப்பு வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். முழங்கால் வரை மாவுக்கட்டு. தனியாக இருக்க முடியாது என்று அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கினாள். வந்த வாரமே சாப்பாட்டு மேசையில் வாயைக் கொடுத்தாள்.

"அண்ணிக்கு என்ன குறை. இருட்டுல நின்னு பந்தைக் காட்டிப் பேசினா சம்பளம் வந்துடுது. எனக்குத்தான் தினமும் உயிர் போய் உயிர் வருது."

விளையாட்டாகச் சொன்னதுதான். வானொலிக்கு அது சுருக்கென்று தைத்தது. "அப்ப நீயும் ஒரு பந்தை வாங்கிக்கிட்டு வந்து பேசிப் பாரேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அதன் பிறகு அந்த வீட்டில் கணவர்தான் தபால்காரர். "உங்க தங்கச்சிகிட்ட காபி ஆறுதுன்னு சொல்லுங்க" என்பாள் இவள். "எனக்குக் காது கேக்குதுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்பாள் அவள். நடுவில் அகப்பட்ட மனிதர், தங்கை ஒரு தடவை காட்சியைப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கதவை ஒட்டி நாற்காலிகளுக்கென்று விட்டிருந்த இடத்தில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டார். போன் அதிர்ந்தது. "இதோ வந்துடுறேன்" என்று வெளியே போனார். அவருடைய "இதோ" எவ்வளவு நீளம் என்று வீட்டில் இருவருக்கும் தெரியும்.

அரங்கு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். நடுவில் வெறும் தரை. அதற்கு நேர் மேலே, கூரையிலிருந்து இறங்கிய தடித்த இரும்புத் தூணின் முனையில் சூரியன். தூணிலிருந்து எட்டு இரும்புக் கைகள் நீண்டிருக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு கிரகம். மோட்டாரைப் போட்டால் எட்டும் அதனதன் வட்டத்தில் சுற்றும். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் வெறும் தரைக்கு மேலேயே வளைய வரும். வியாழனும் சனியும் வெளியே சுற்றிலும் போட்டிருந்த பெஞ்சுகளுக்கு மேலே போகும். யுரேனஸும் நெப்டியூனும் சுவரை உரசாத குறைதான். இதில் வியாழன் மட்டும் ஒரு சின்னக் காரின் பருமன். இரும்புக் கூட்டின்மேல் கெட்டியான ஃபைபர் ஓடு போட்டு, பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருந்தார்கள். இரண்டு இரும்பு வடங்களில் அது தொங்கியது.

உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே கதவு. வெளிச்சம் நுழையாமலிருக்கக் கதவுக்கு உள்பக்கம் கனமான இரட்டைத் திரை.

கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரில் பதித்த சின்ன அறையில் மோட்டார் அண்ணன் உட்கார்ந்திருப்பார். விளக்கும் மோட்டாரும் அவர் கையில். வானொலியின் காதில் செருகியிருந்த கருவியில் அவர் பேசினால் அவளுக்கு மட்டும் கேட்கும். அவளுடைய புடவையில் குத்தியிருந்த மைக்கில் அவள் பேசினாலோ ஊருக்கே கேட்கும். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "ஆரம்பி" என்பார். "முடி" என்பார். எத்தனையோ வருஷமாக அவர்களுக்குள் அந்த இரண்டு வார்த்தையே போதுமானதாக இருந்தது.

"ஆரம்பி" என்றார்.

விளக்குகள் அணைந்தன. கிரகங்கள் மட்டும் மினுங்கின. பிள்ளைகள் ஒரே குரலில் ஓவென்றார்கள்.

"சூரியக் குடும்பத்துக்கு எல்லாரும் வாங்க" என்று வானொலி தொடங்கினாள். "குடும்பம்னு சும்மா சொல்லலை. வீட்டுல ஒருத்தர் இருப்பாங்களே, அவங்க சொன்னாத்தான் எதுவும் நடக்கும், அந்த மாதிரி இங்க சூரியன். இந்தக் குடும்பத்தோட மொத்த எடையில நூத்துல தொண்ணூத்தொம்பது பங்குக்கு மேல இவர் ஒருத்தரோட எடை. மிச்சம் மீதியிலதான் நாம எல்லாரும்."

சிரித்தார்கள். இருட்டில் கதவுப் பக்கமிருந்து சிரிப்பு வரவில்லை என்பதும் அவள் காதில் விழுந்தது.

"இப்ப ஒரு கேள்வி. வாரத்துல எத்தனை நாள் வானத்துல இருக்கு?"

பிள்ளைகள் விழித்தார்கள். பிறகு ஒரு சிறுமி விரல் மடக்கி, "புதன், வியாழன், வெள்ளி, சனி, செவ்வாய்" என்று அடுக்கினாள். "ஞாயிறுன்னா சூரியன், திங்கள்னா நிலா, மிஸ்."

"அப்போ ஏழு நாளும் தலைக்கு மேலதான். யுரேனஸும் நெப்டியூனும் கண்ணுக்குத் தெரியாம ரொம்ப நாள் ஒளிஞ்சிருந்ததால அவங்களுக்குக் கிழமை கிடைக்கலை."

"ப்ளூட்டோவை ஏன் தூக்கிட்டீங்க?" என்று ஒரு குரல். தொப்பி போட்ட ஒருவர். உள்ளே வந்த நேரத்திலிருந்து பக்கத்திலிருந்தவர்களுக்குத் தனியாக ஒரு விரிவுரை நடத்திக்கொண்டிருந்தவர். "எங்க காலத்துல ஒன்பது கிரகம்."

"தூக்கலை சார். குறுங்கோள்னு வேற வரிசையில உக்கார வச்சிருக்கோம்" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் மேலே டங்கென்று ஒரு சத்தம். இரும்பில் இரும்பு தட்டிய சத்தம். பெரிய சத்தமல்ல. பேச்சுக்கு நடுவில் யாரும் கவனிக்கவில்லை.

"மேல பாக்காத" என்றது காது.

அவள் பார்வை பாதி ஏறியிருந்தது. தரைக்கு இறக்கினாள்.

"வியாழனோட ஒரு வடம் விட்டுடுச்சு. ஒரு வடத்துல தொங்குது. அந்தப் பிடியும் நழுவுது, எனக்கு இங்கிருந்து தெரியுது. நீ பேசிக்கிட்டே இரு."

பேசிக்கொண்டேதான் இருந்தாள். புதன் எவ்வளவு சின்னது என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் மைக்கில் கேட்டுவிடுமோ என்று பயந்தாள்.

"மோட்டாரை நிறுத்தினா அது ஒரு உதறு உதறும். தினமும் பாக்குறோமில்ல. அந்த உதறல்லயே கழண்டுடும். கீழ பிள்ளைங்க இருக்கு. அதனால நிறுத்த மாட்டேன். கதவுக்கும் அனுப்பாத. அத்தனை பேரும் திரைகிட்ட முட்டிக்கிட்டு நிப்பாங்க, அது நேரா அவங்க தலைக்கு மேலதான் போகும். எல்லாரையும் நடுவுல இழுத்துக்க. செவ்வாய்க்கு உள்பக்கம். உள்ள வந்ததும் நான் நிறுத்துறேன். விழட்டும்."

இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் அவர் பேசி அவள் கேட்டதில்லை. அதுவே அவளுக்குக் கிலியைக் கொடுத்தது.

பதில் சொல்ல வழியில்லை. அவள் வாயைத் திறந்தால் அரங்கு முழுக்கக் கேட்கும். யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கத்தினால் போதும். அத்தனை பேரும் எழுந்து கதவுக்கு ஓடுவார்கள். பிள்ளைகள் காலடியில் மிதிபடும்.

"சரி" என்றாள் சத்தமாக. "மத்த கிரகமெல்லாம் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கட்டும். வெளிச்சத்தைச் சூரியனுக்கு மட்டும் வச்சுப்போம்."

மோட்டார் அண்ணன் புரிந்துகொண்டார். கிரகங்கள் ஒவ்வொன்றாக மங்கின. வியாழன் இருட்டில் மறைந்தது. சூரியன் மட்டும் பளீரென்று எரிந்து, நடுத்தரையில் மஞ்சள் வட்டத்தை விரித்தது. எல்லோருடைய கண்ணும் அங்கே போனது.

வியாழன் ஒரு சுற்று வர, ஒருவர் நிதானமாக ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம் ஆகும். இப்போது அது பிள்ளைகளின் பெஞ்சுகளுக்கு மேலே இருந்தது. அடுத்து குடும்பங்கள். அதற்கும் அடுத்து தொப்பிக்காரர். பிறகு கதவு, கதவுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி. வானொலிக்கு அந்தப் பாதை மனப்பாடம். இத்தனை வருஷம் அழகு என்று காட்டிய பாதை அது.

"இவ்வளவு எடை இருக்கிறதால சூரியன் எல்லாரையும் தன் பக்கம் இழுக்கும். எப்படி இழுக்குதுன்னு இப்ப பாக்கப்போறோம். உக்காந்துக்கிட்டு இல்ல, நடந்து. முதல்ல பிள்ளைங்க. டீச்சர், நீங்க முன்னாடி வாங்க. எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்குங்க. சூரியனையே பாத்துக்கிட்டு மெதுவா வரணும்."

டீச்சர் நல்லவேளையாக எதையும் கேட்கிற ரகம் அல்ல. எழுந்து கையை நீட்டினார். பிள்ளைகள் சங்கிலியாக இறங்கினார்கள். இரண்டு பேர் ஓட ஆரம்பித்தார்கள்.

"ஓடுறது யாரு? வேகமா சூரியன்கிட்ட வர்றது வால் நட்சத்திரம். அது வரவர கரைஞ்சு போயிடும். கிரகம்னா நிதானமா வரும். நீங்க கிரகமா, வால் நட்சத்திரமா?"

"கிரகம்" என்று நடையைக் குறைத்தார்கள். அவளுக்கோ அவர்களை வாரி அள்ளிக்கொண்டு ஓடிவரவேண்டும்போல் இருந்தது.

மேலே மறுபடியும் ஒரு முனகல். வடம் இறுகுகிற சத்தம். ஒரு பையன் தலையைத் தூக்கினான்.

"யாரெல்லாம் மேல பாக்குறீங்களோ அவங்க தரையில என்ன இருக்குன்னு பாக்க முடியாது. காலுக்குக் கீழ கோடு போட்டிருக்கு பாருங்க. சிவப்புக் கோடு செவ்வாய். அதைத் தாண்டி உள்ள வாங்க. நீலம், நம்ம பூமி. தாண்டுங்க. இப்ப வெள்ளி. இங்க ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போனா முழுப்பரீட்சைக்கு அப்புறம்தான் மணி அடிப்பாங்க."

பிள்ளைகள் அலறினார்கள், சிரிப்போடுதான். குடும்பங்களும் எழுந்து வரத் தொடங்கியிருந்தன. கைக்குழந்தையோடு ஒரு பெண், அவள் பின்னால் பையைச் சுமந்துகொண்டு அவள் கணவன். வானொலி நெருங்கி நிற்கச் சொன்னாள், இன்னும் நெருங்கி, புதனில் வெயில் அதிகம் ஆனால் இடம் குறைவு என்றாள். முதுகில் வியர்வை வழிந்து இடுப்புக்கு இறங்கியது.

"பிள்ளைங்க பெஞ்சு காலி" என்றது காது. "அடுத்ததும் காலி. பிடி இன்னும் நழுவுது. சீக்கிரம்."

தொப்பிக்காரர் அசையவில்லை. "நமக்கு எதுக்கு இந்த விளையாட்டு. நான் இங்கிருந்தே பாத்துக்குறேன்" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார். கதவருகே சக்கர நாற்காலியும் அசையவில்லை. இருட்டில் மாவுக்கட்டின் வெள்ளை மட்டும் தெரிந்தது.

வானொலி கூட்டத்தை டீச்சரிடம் விட்டாள். "டீச்சர் இப்ப உங்களைக் கிரகம் கிரகமா பிரிப்பாங்க. யாரும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே போகக் கூடாது. போனா ஆட்டத்துல இருந்து அவுட்" என்று சொல்லிவிட்டு, மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடந்தாள். ஓடக் கூடாது. அவள் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள். தன் கால்களை அப்படி இழுத்துப் பிடித்து நடந்தது அவளுக்கு அதுவே முதல் தடவை.

நாத்தனார் அவள் வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நடுவுக்கு வா. நான் தள்ளுறேன்."

பல நாளைக்குப் பிறகு நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை. நாத்தனார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கு? எல்லார் முன்னாடியும் நொண்டியை வச்சுக் காட்சி காட்டவா? நான் இங்கயே இருக்கேன். நீங்க உங்க கிரகத்தைக் கவனிங்க, அண்ணி."

"கேளு. வாக்குவாதம் பண்ற நேரமில்லை."

"நான் பண்ணலை. நீங்கதான் வந்து நிக்குறீங்க. யாரோ தள்ளுற வண்டியில உக்காந்து எனக்குப் பழக்கமில்லை. அண்ணன் வரட்டும்."

தலைக்கு மேலே அந்த முனகல் நகர்ந்து வந்தது. தொப்பிக்காரரின் பெஞ்சை அது இன்னும் எட்டவில்லை, ஆனால் தூரமில்லை. வானொலி குனிந்தாள். நாத்தனாரின் காதோரம் வாயை வைத்தாள். மைக்கை இன்னும் இறுகப் பொத்தினாள்.

"மேல தொங்குற பெரிய உருண்டை கழண்டு விழப்போகுது. இந்தப் பக்கமாத்தான் வருது. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா பிள்ளைங்க மிதிபடும். முகத்தை மாத்தாத. வா."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். ஒரு கணம்தான். மாணவன் தவறான பக்கம் வண்டியைத் திருப்பும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று வானொலி பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். எல்லாக் கோபமும் துடைத்து எடுத்தாற்போல் போய், கண் மட்டும் கூர்மையானது. நாத்தனாரின் கை கீழே போய் பிரேக்கைத் தட்டிவிட்டது.

"தள்ளாதீங்க. நான் ஓட்டுறேன். நீங்க முன்னாடி போங்க, வழி மட்டும் காட்டுங்க."

இரண்டு கையாலும் சக்கரத்தை உந்தினாள். நீட்டியிருந்த மாவுக்கட்டுக் கால் பெஞ்சின் முனையில் இடித்தது. பல்லைக் கடித்தாள், சத்தம் வரவில்லை. பின்னால் ஒரு சுற்று எடுத்து, நாற்காலியை வளைத்து, இடைவெளியில் நுழைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரர் எழுந்தார். இருட்டில் ஏதோ சரியில்லை என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். போனில் விளக்கைப் போட்டு மேலே பிடித்தார். வெளிச்சம் வியாழனின் வயிற்றில் பட்டது. ஒரு பக்கமாகச் சரிந்து, தளர்ந்த வடம் பாம்புபோல் ஆடிக்கொண்டிருக்க, அது அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் வாய் திறந்தது.

"ஏங்க, அது..."

"சார்." நாத்தனாரின் குரல் உரக்க இல்லை. ஆனால் அது பழகிய குரல். ஸ்டியரிங்கைப் பிடித்து உறைந்துபோன எத்தனையோ பேரை நகர்த்திய குரல். "வாயை மூடுங்க. விளக்கை அணைங்க. என் நாற்காலியைப் பின்னாடி பிடிங்க. நேரா பாருங்க. நடங்க. நிக்காதீங்க, நடங்க."

அவர் வாயை மூடினார். விளக்கை அணைத்தார். நாற்காலியின் பிடியைப் பற்றினார். யாரோ தள்ளுகிற வண்டியில் உட்காராதவள் அவரைத் தள்ளவிட்டாள். மூவரும் சிவப்புக் கோட்டைத் தாண்டியபோது அவர் தொப்பி எங்கோ விழுந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாரும் உள்ள" என்றது காது. "கதவை அடைச்சுக்கிட்டு விழக் கூடாது. அதைத் தாண்டினதும் நிறுத்துறேன்."

வானொலி மைக்கிலிருந்து கையை எடுத்தாள். நிம்மதியாக ஒரு மூச்சு இழுத்தாள். அது பாதியில் நின்றது. கதவுத் திரை அசைந்தது.

முதல் திரை விலகி ஒரு வெளிச்சக் கீற்று விழுந்து மறைந்தது. போனை முடித்துவிட்டு அவள் கணவர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"கதவுகிட்ட இருக்கிறவங்க உள்ள வராதீங்க. வெளியே போங்க" என்றாள் மைக்கில். அரங்கு முழுக்க எதிரொலித்தது.

அவர் இரண்டாவது திரையையும் விலக்கிக்கொண்டு வந்து நின்றார். அறிவிப்பு என்றால் அது மற்றவர்களுக்கு என்றே வாழ்நாளெல்லாம் நம்பியவர். இருட்டில் கண்ணைச் சுருக்கி, தங்கையை விட்டுவிட்டுப் போன இடத்தைத் தடவித் தேடினார். அவர் தலைக்கு நேர் மேலே வர வியாழனுக்குக் கைநீட்டும் தூரம்கூட மிச்சமில்லை.

"அண்ணா." நாத்தனார் நாற்காலியிலிருந்து எழும்பியே விட்டாள். ஒற்றைக் காலில். "பின்னாடி போடா. ரிவர்ஸ். ரிவர்ஸ் எடு."

அவள் சொன்னபடி ஏன் கேட்டார் என்று அவருக்கே பிறகும் சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து தங்கையின் அந்தக் குரலுக்கு அவர் கால்கள் பழகியிருந்தனவோ என்னவோ. பின்னால் எட்டு வைத்தார். திரை அவரை விழுங்கிக்கொண்டது.

"ஓட விடுங்கண்ணே, நிறுத்தாதீங்க" என்று வானொலி சொன்னது எல்லோருக்கும் கேட்டது. யாருக்கும் புரியவில்லை.

வியாழன் கதவைத் தாண்டியது. சக்கர நாற்காலி நின்றிருந்த இடத்துக்கு வந்தது. அங்கே பிடி விட்டது.

இடி விழுந்தாற்போல ஒரு சத்தம். தரை உதைத்தது. பெஞ்சுகள் முறிந்து, ஃபைபர் ஓடு வெடித்துச் சிதறி, துண்டுகள் வழுக்கிக்கொண்டு வந்து சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றன. தூசி எழுந்து சூரிய வெளிச்சத்தில் மிதந்தது. மோட்டார் நின்றது. எல்லா விளக்கும் எரிந்தன.

கைக்குழந்தை வீறிட்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்த கையை விடாமலேயே நின்றார்கள். வாரநாளை அடுக்கிய சிறுமி வானொலியின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"இது காட்சியில உள்ளதா மிஸ்?"

"இல்லம்மா" என்றாள் வானொலி. சிறுமியின் தலையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டாள். டீச்சர்தான் பிள்ளைகளை எண்ணி, வரிசையாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவர்களை வெளியே விட்டுவிட்டு வந்து, வானொலியின் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

மோட்டார் அண்ணன் ஏணியில் இறங்கி வந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நொறுங்கிக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்தார். சக்கர நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துகொண்டார். வானொலி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது அவரால் குவளையைப் பிடிக்க முடியவில்லை. அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள்.

கணவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. தங்கையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போன் பேசிட்டு வர்றதுக்குள்ள என்னதான் பண்ணீங்க ரெண்டு பேரும்" என்றார். நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல், அதுவே அழுகையாக மாறியது. வானொலி போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கால் பெஞ்சில் இடித்த இடத்தில் வீங்கியிருந்தது. மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டியதாயிற்று. எலும்பு தப்பித்திருந்தது.

அரங்கை மூடிவிட்டார்கள். விசாரணை நடந்தது. வடத்தைப் பிடிக்கும் பூட்டு உள்ளுக்குள்ளேயே விரிசல் கண்டிருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று எழுதினார்கள். இன்னொரு கதவு வைக்காமல் அரங்கைத் திறக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். அதுவரை வானொலி காட்சியை வெளியே புல்தரையில் நடத்தினாள். கிரகங்களைத் தொங்கவிடுவதில்லை. பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுவாள். மோட்டார் அண்ணனுக்கு அங்கே வேலை இல்லை என்றாலும் வந்து ஒரு மூலையில் நின்று, "ஆரம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

நாத்தனார் கட்டுப் பிரித்து வீட்டுக்குப் போகும்வரை இரண்டு பேருக்கும் சண்டை ஓயவில்லை. இப்போது நேருக்கு நேர் போட்டுக்கொண்டார்கள், தபால்காரருக்கு வேலை போயிற்று. சண்டையில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான். கார் கற்க வருகிறவர்கள், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நாத்தனார் கதையைச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் சனி விழுந்தது என்றே சொன்னாள்.

"வியாழன்" என்பாள் வானொலி உள் அறையிலிருந்து.

"ஏதோ ஒண்ணு, அண்ணி. சனின்னு சொன்னாத்தான் கேக்குறவங்களுக்குப் பயம் வருது."

"சனிக்கு வளையம் இருக்கும். உன் தலையில வளையமா விழப்பாத்துச்சு?"

"சரி, நீங்களே வந்து சொல்லுங்க" என்பாள் நாத்தனார். வானொலி கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லுவாள்.